பெட்டி முதலில் இறங்கியது

சூப்பரின்டெண்ட் கழுத்தில் எப்போதும் இரண்டு அட்டைகள் தொங்கும். ஒன்று அவருடையது, இன்னொன்று அவர் மனைவியுடையது. அந்தச் சுற்றுலாக் கப்பலில் அறைக்கதவைத் திறக்க அட்டை வேண்டும், காபி வாங்க அட்டை வேண்டும், கரையில் இறங்கவும் திரும்ப ஏறவும் அட்டை வேண்டும். ஏறிய அன்றே, "உன் கையில கொடுத்தா எங்கயாவது வெச்சிட்டுத் திருதிருன்னு முழிப்பே" என்று சொல்லி மனைவியின் அட்டையையும் வாங்கித் தன் கயிற்றில் கோத்துக்கொண்டார் மனுஷன். கல்யாணத்தன்று அவள் கழுத்தில் கட்டியவர், ஓய்வு பெற்ற பிறகு அவளையே தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தார்.

அந்த அம்மாள் ஒன்றும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து தலை நரைத்தவள். அங்கே எல்லாருக்கும் அவள் போர்டம்மா. தலைமை டாக்டரானாலும் சரி, பிணவறைக் காவலாளியானாலும் சரி, போர்டம்மா மனசு வைத்து இணைப்புக் கொடுத்தால்தான் பேச முடியும். அப்படிப்பட்டவள் இப்போது தன் அறைக்குள் போகக் கதவைத் தட்டிவிட்டு நின்றாள். அவர் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தால் தாழ்வாரத்தில் நிற்க வேண்டியதுதான். போகிற வருகிறவர்கள் எல்லாம் 'குட் மார்னிங்' சொல்லிவிட்டுப் போவார்கள்.

உள்ளே போனால் மட்டும் என்ன வாழ்ந்தது? ஜன்னல் கிடையாது. "தூங்கற இடத்துக்கு எதுக்கு ஜன்னல்?" என்பது சூப்பரின்டெண்டின் கட்சி. விளக்கை அணைத்தால் பகலா ராத்திரியா என்று சொல்ல முடியாது. டி.வி.யில் ஒரு சேனலில் நீலத் திரை நடுவே கப்பல் ஒரு புள்ளியாகத் தெரியும். அதைத்தான் அவர் சதா போட்டு வைப்பார். கப்பல்காரர்கள் வேறு சேனலில் என்னென்னவோ அறிவிப்புச் சொல்வார்கள். அதையெல்லாம் அவர் பார்க்க விட்டதில்லை. போர்டம்மா கட்டிலில் உட்கார்ந்து அந்தப் புள்ளியையே பார்ப்பாள். அது நகர்ந்த மாதிரியே இருக்காது.

விடிந்தால் மேல் தளத்தில் நடை. சுற்றிச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வது. பிறகு சாப்பாடு. அது செரிப்பதற்குள் இன்னொரு சாப்பாடு. நடுவில் வினாடி வினா, நடன வகுப்பு, ஐஸ் கட்டியில் மீன் செதுக்கிக் காட்டும் வேடிக்கை. நல்ல நாற்காலிகளில் எல்லாம் யாராவது துண்டைப் போட்டு இடம் பிடித்திருப்பார்கள். துண்டு உட்கார்ந்திருக்கும், ஆள் இருக்க மாட்டான். வந்த புதிதில் அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆக்கிப் போட வேண்டாம், தேய்த்துக் கழுவ வேண்டாம், மகாராணி மாதிரி உட்கார்ந்து சாப்பிடலாம். போகப் போகக் கை இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கிடந்தன. ஒரு நாள் அறையைச் சுத்தம் செய்யும் பெண் கட்டில் விரிப்பை மாற்றும்போது, போர்டம்மா மறுமுனையைப் பிடித்து இழுத்துக் கொடுத்தாள். "ஐயோ மேடம், நீங்க செய்யக் கூடாது, யாராச்சும் பார்த்தா என்னைத்தான் திட்டுவாங்க" என்று அந்தப் பெண் பதறிவிட்டாள். போகும்போது வழக்கம்போலக் குளியல் துண்டை மடித்து, கழுத்து வளைந்த ஒரு வாத்து செய்து கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள்.

வழியில் கப்பல் நின்ற ஊர்களில் இறங்கினார்கள்தான். வரிசையில் இறங்கி, வரிசையில் பஸ் ஏறி, பஸ்ஸுக்குள்ளிருந்தே ஊரைப் பார்த்துவிட்டு, வரிசையில் திரும்பினார்கள். "கப்பலை விட்டா கோவிந்தாதான், வா வா" என்று சூப்பரின்டெண்ட் அவசரப்படுத்துவார். அவள் கால் மண்ணை மிதித்ததாகவே அவளுக்கு நினைவில்லை.

ஆனாலும் பொறுத்துக்கொண்டாள். புறப்பட்ட துறைமுகத்துக்கே கப்பல் திரும்பப் போகிறது, அங்கே வீடு இருக்கிறது, நாலு தெரு தள்ளி அக்கா இருக்கிறாள். போன துறைமுகத்தில் அவர் போனை வாங்கி அக்காவிடம் பேசினாள். "வந்ததும் நேரா இங்க வாடி. ரெண்டு பேருமா வாய்க்கு ருசியா ஏதாவது பண்ணிச் சாப்பிடலாம்" என்றாள் அக்கா. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மிச்ச நாளை ஓட்டினாள்.

பயணம் முடிய ஒரு நாள் இருக்கும்போதுதான் குட்டு உடைந்தது. சாப்பாட்டு மேசையில் எப்போதும் எதிரில் உட்காரும் பல் டாக்டரம்மா, தன் பையிலிருந்து ஆரஞ்சு நிறக் காகிதப் பட்டைகளை எடுத்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"இது என்னங்க?" என்று கேட்டாள் போர்டம்மா.

"பெட்டில கட்டற பட்டை. இன்னிக்குச் சாயங்காலம் பெட்டியைக் கதவுக்கு வெளிய வெச்சிடணும். அவங்களே எடுத்துட்டுப் போய்க் கரையில வெச்சிடுவாங்க. நாளைக்குக் காலைல நாம கையை வீசிட்டு இறங்கலாம். உங்களுக்கு வரலையா?"

"வரலையே. ஏங்க, நமக்கு ஏன் பட்டை வரலை?" என்று கணவர் பக்கம் திரும்பினாள்.

சூப்பரின்டெண்ட் ரொட்டியில் வெண்ணெயை மூலை முடுக்கெல்லாம் தடவினார். ஆபீசில் சிக்கலான ஃபைல் வந்தால் பேனாவைத் துடைப்பாரே, அதே நிதானம்.

"நாம இறங்கலை. அடுத்த பயணத்துக்கும் பதிவு பண்ணிட்டேன். அதே ரூம். தள்ளுபடியில கொடுத்தான்."

"வீடு?"

"என் தம்பிகிட்ட சாவி இருக்கில்ல. ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விடச் சொல்லிட்டேன். குடியும் வந்துட்டாங்களாம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா நீ வேண்டாம்பே" என்றார் அவர், ரொம்ப நியாயமாகச் சொல்லிவிட்டதைப் போல.

பல் டாக்டரம்மா தலையைக் குனிந்து காபியைக் கலக்கினார். அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் போர்டம்மா கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். அவர் மசியவில்லை.

"அங்க போய் என்ன பண்றது? பேப்பரை ரெண்டு தரம் படிக்கணும். ரிட்டையர் ஆன மறுநாள்லேருந்து ஒரு நாய் என்னை ஏன்னு கேக்கலை. இங்க பாரு, நாற்காலியை இழுத்துப் போட்டு 'சார் உட்காருங்க'ன்றான். மனுஷனா மதிக்கறான்."

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் போன் அடித்தால் முதலில் ஓடுவது அவர்தான், அது எப்போதும் வேறு யாருக்கோ வந்ததாக இருக்கும். ஆனால் அந்தப் பாவத்துக்காக இன்னொரு சுற்று இந்தப் பெட்டிக்குள் கிடந்தால் தான் செத்தே போய்விடுவோம் என்று அவளுக்குத் தோன்றியது. மூச்சு முட்டுகிறது என்று சொன்னாள். "ஏசியைக் கூட்டி வெச்சுக்கோ" என்றார் அவர்.

மதியம் சூப்பரின்டெண்ட் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு கை பார்த்துவிட்டு வந்தார். வயிறு உப்பிக்கொண்டது. போட்டிருந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டு லுங்கியும் பனியனுமாக விழுந்தவர், சாயங்காலமாகியும் எழுந்திருக்கவில்லை. "ராத்திரி சாப்பாடு வேண்டாம், எழுப்பாதே" என்று முனகினார். போர்டம்மா கதவிடுக்கில் செருப்பைச் செருகி வைத்துவிட்டு வெறுங்காலோடு போய்ப் பல் டாக்டரம்மாவின் கதவைத் தட்டினாள்.

"ஒரு பட்டை மிச்சம் இருக்குமா?"

டாக்டரம்மா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. பட்டையைக் கொடுத்து, கூடவே பேனாவையும் கொடுத்தார்.

திரும்பி வந்து, நைட்டிக்கு மாறி, இடுப்பில் துண்டைச் செருகிக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். அவள் கணக்கு சுலபமானது. பெட்டி இறங்கிவிட்டால் ஆளும் இறங்கித்தானே ஆக வேண்டும்? அலமாரியிலிருந்து அவர் சட்டைகள், பேன்ட்கள், அவர் கோட்டு, அவள் புடவைகள், பாவாடைகள், சற்று முன் அவர் கழற்றிப் போட்டது, அவள் கழற்றியது, இருவர் ஷூ, செருப்பு என்று ஒன்று விடாமல் அடுக்கினாள். எத்தனையோ நாள் கழித்துக் கைக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. ரசித்து ரசித்து மடித்தாள். அவர் மாத்திரை டப்பாவை மட்டும் எடுக்காமல், தலைமாட்டில் தண்ணீரோடு வைத்தாள். பெட்டியை வெளியே உருட்டி வைத்துக் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. அப்புறம் தூங்கிப்போனாள்.

காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்கே உறைத்தது. இறங்குகிற நாளுக்கு என்று எல்லாரும் ஒரு ஜோடி துணியை எடுத்து வைத்துக்கொள்வார்களாம். தாழ்வாரத்தில் யாரோ அதைத்தான் பேசிச் சிரித்துக்கொண்டு போனது காதில் விழுந்தது. அவள் எதையுமே எடுத்து வைக்கவில்லை. அதற்குள் அவர் அலமாரியைத் திறந்துவிட்டார். வெறும் ஹாங்கர்கள் ஆடின.

"துணியெல்லாம் எங்க?"

"பெட்டியில."

"பெட்டி எங்க?"

"கரையில."

சூப்பரின்டெண்டுக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் கத்தினார், பிறகு அவளை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தே விட்டார். "பெரிய திட்டம் போட்டியாக்கும்! நைட்டியோட வாசல் கேட் வரைக்கும் போகாதவ நீ. இப்ப எப்படி இறங்குவே?"

உண்மைதான். பால் வாங்கக் கூட நைட்டியோடு வாசலுக்குப் போக மாட்டாள். தன் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று நினைத்தாள். அந்தச் செருப்பும் கரையில் இருந்தது.

அவர் அறைப் பெண்ணை வரவழைத்தார். பெட்டியை மேலே கொண்டுவரச் சொன்னார். "இறங்கின பெட்டி திரும்ப ஏறாது சார். உரியவங்கதான் போய் எடுத்துட்டு வரணும்" என்றாள் அவள். கப்பல் கடையில் ஒரு சட்டை வாங்கலாமா என்று கேட்டார். "கரையில நிக்கும்போது கடையைத் திறக்கக் கூடாது சார்." அந்தப் பெண் தன் கையிலிருந்த புதுத் துண்டை அவசரமாக ஒரு வாத்தாக்கிக் கட்டிலில் வைத்துவிட்டு நழுவினாள்.

சூப்பரின்டெண்ட் லுங்கியைப் பார்த்தார். பனியனில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். வெளியே 'சார் சார்' என்று கூப்பிடும் ஆட்களை எல்லாம் நினைத்துப் பார்த்திருப்பார். கழுத்துக் கயிற்றிலிருந்து ஒரு அட்டையைக் கழற்றினார்.

"நீ பண்ணின கூத்துதானே. நீயே போய் எடுத்துட்டு வா. சீக்கிரம், காலைச் சாப்பாடு முடிஞ்சிடும்."

அட்டை அவள் கைக்கு வந்தது. அதில் அவள் போட்டோ இருந்தது, ஏறிய அன்று எடுத்தது, நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கட்டிலில் இருந்த வாத்தின் கழுத்தைப் பிடித்து ஒரு உதறு உதறினாள். அது துண்டானது. தோளில் போட்டுக்கொண்டாள். குளியலறையில் கப்பல்காரர்கள் வைத்திருந்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

லிஃப்டில் எல்லாரும் பயண உடையில் பளிச்சென்று இருந்தார்கள். அவளைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போலக் கூரையைப் பார்த்தார்கள். வெட்கம் காதுவரை ஏறிச் சுட்டது. போர்டம்மாவோ அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலில் காவலாளி அட்டையை வாங்கிக் கருவியில் காட்டினான். 'டிங்' என்றது. "திரும்ப வருவீங்கதானே, மேடம்?" என்று கேட்டான்.

"அட்டையை நீங்களே வெச்சுக்கோங்க" என்றாள்.

கரையில் பெட்டிக் கூடத்தில் ஆரஞ்சு வரிசையில் அவர்கள் பெட்டி நின்றது. அங்கேயே பெண்கள் அறையில் புடவை கட்டிக்கொண்டாள். வெளியே வந்தபோது கதவு வழியாகத் தெருவில் ஒரு பஸ் போவது தெரிந்தது. சும்மா ஒரு சாதாரண பஸ். அழுகை வந்துவிட்டது அவளுக்கு. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கவுண்டரில் இருந்த போனில் அறை எண்ணைச் சொல்லி இணைக்கச் சொன்னாள்.

"ஹலோ, யார் பேசறது?" என்றார் சூப்பரின்டெண்ட்.

"பெட்டிக் கூடத்திலேருந்து பேசறோம். உங்க துணியெல்லாம் இங்க பத்திரமா இருக்கு. உரியவர் நேர்ல வந்து எடுத்துக்கணும்." அது போர்டில் பேசிய குரல். ஒரு நாளும் அவர் அதைக் கேட்டதில்லை.

"என் மனைவியை அனுப்பியிருக்கேனே, வரலையா?"

"வந்துட்டாங்க. மேல ஏற மாட்டாங்களாம்."

"நீயா?" என்றார்.

"நான்தாங்க. அக்கா வீட்டுக்குப் போறேன். நீங்களும் வரணும்னுதான் உங்க துணியையும் சேர்த்து அடுக்கினேன். கப்பல் கிளம்பற வரைக்கும் இந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்திருக்கேன். வரலைன்னா உங்க துணியைக் கவுண்டர்ல கொடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன்."

"பைத்தியமா உனக்கு? இந்த லுங்கியோட நான் எப்படி இறங்கி வர்றது? நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"நான் நைட்டியோடதாங்க இறங்கினேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள் போர்டம்மா.