சீ என்றால் தோ

இத்தாலியில், பலெர்மோவின் மொண்டெல்லோ கடற்கரைச் சாப்பாட்டுக்கடையின் பின்கதவுப் படியில் உட்கார்ந்து, மதியக் கூட்டம் போனபின் கிடைக்கும் இடைவேளையில், றொஜர் கிற்றாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பாட்டுக்கு வேண்டிய நான்கு கோட்ஸில், அதாவது விரற்பிடிகளில், மூன்று ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டன. நான்காவதுதான் அவனைப் படாதபாடு படுத்தியது. சுட்டுவிரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே படுக்கவைத்து அழுத்த வேண்டும். மற்ற மூன்று விரல்களும் அதற்கப்பால் ஒன்றையொன்று இடிக்காமல் நெருங்கி நிற்க வேண்டும். தட்டினால் பாதிக் கம்பிகள் பேசாது, மீதி இருமும்.

மீன் வாளியோடு குசினியிலிருந்து வந்த பேனாட், கூட வேலைசெய்பவன், நின்று பார்த்தான்.

“மச்சான், உனக்கும் அதுக்கும் என்ன கோவம்?”

“சுஜானி லேசு எண்டவ.”

“அப்ப பிழை உன்ர விரலிலதான்.”

சுஜானி றொஜரின் மனைவி. கலியாணம் கட்டி மன்னாரிலிருந்து பலெர்மோவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஊரில் மாதா கோவில் பாடகர் குழுவில் கிற்றார் வாசித்துப் பாடியவள். சம்பந்தம் பேசியபோது வந்த வீடியோவில் முகத்தைவிடக் குரல்தான் அவனை விழுத்தியது. ஆனால் வந்தபின் அவள் ஒரு வரிகூடப் பாடவில்லை. நகரின் பொலிதேயாமா பக்கம், சிஞ்ஞோரா என்று அவள் அழைக்கும் வயதான ஓர் இத்தாலியப் பெண்ணோடு தங்கிநின்று பராமரிக்கும் வேலை. ஞாயிறு மட்டும்தான் வீடு. கிழமைக்கு ஒரு நாள் புருசன் பெண்சாதியாக இருந்த இருவரும், பூசை முடிந்து வாசலில் சந்தித்தவர்கள் மாதிரிக் கதைத்துக்கொண்டார்கள். றொஜர் பலெர்மோவிலேயே பிறந்தவன். நீ, நீர், நீங்கள் என்பவற்றில் எது எங்கே பொருந்தும் என்று அவனுக்கு எப்போதும் தடுமாற்றம். வம்பு வேண்டாமென்று மனைவியையும் நீங்கள் என்றான். அவளும் நீங்கள் என்றாள். அந்த மரியாதையில் வீடு விறைத்துப் போயிருந்தது.

ஒரு ஞாயிறு துணிந்து கேட்டுவிட்டான்.

“ஏன் நீங்கள் பாடுறேல்லை?”

“இஞ்சை தனியப் பாட வருகுதில்லை. ஆராவது வாசிச்சாப் பாடலாம்.”

“நான் வாசிச்சா?”

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். “நாலே நாலு கோட்ஸ். பழகுங்கோ, பாடுறன்.”

அன்றே பங்குக் கோவிலில் ஒரு கிற்றாரை இரவல் வாங்கினான். அடுத்த ஞாயிறுகளில் அவள் கோட்ஸின் பெயர் எதையும் சொல்லாமல் அவன் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாகக் கம்பியில் வைத்து, இது முதலாவது, இது இரண்டாவது என்று மூன்றைக் காட்டினாள். தன் கையை இவ்வளவு நேரம் அவள் பிடித்திருப்பாள் என்றால் நாற்பது கோட்ஸ் பழகவும் அவன் தயார். நான்காவதைக் காட்டுமுன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சிஞ்ஞோரா நித்திரையான நேரம் பார்த்து அவள் போனில் குரல் அனுப்பினாள்: “நாலாவது சீ. அது லேசு.” அவன் இத்தாலியன் வீடியோ ஒன்றைத் தேடி எடுத்து, அதில் சீயைக் கண்டுபிடித்தான். கை வலித்தபோதும் அவளிடம் கேட்கவில்லை. லேசானதே வரவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஞாயிறு வந்தது. சாப்பிட்டுவிட்டுக் கட்டில் நுனியில் உட்கார்ந்து தொடங்கினான். முதல் மூன்றும் பிசகாமல் விழுந்தன. உடுப்பு மடித்துக்கொண்டிருந்த சுஜானி மெல்ல முணுமுணுத்தாள். நான்காவதற்குக் கை நகர்ந்தது, சுட்டுவிரல் படுத்தது. வந்த சத்தத்தில் முணுமுணுப்பு நின்றுவிட்டது.

“சீ!” என்றாள்.

“சீதானே பிடிக்கிறன்!” அவனுக்கு அழுகை முட்டியது. “விரல் செத்துப்போச்சு. நீங்கள் லேசு எண்டியள்.”

கையிலிருந்த சட்டையைப் போட்டுவிட்டு வந்து அவன் விரலைத் தூக்கிப் பார்த்தாள். கம்பி பதிந்த இடம் சிவந்து கன்றியிருந்தது.

“எங்கை, திருப்பிப் பிடியுங்கோ.”

பிடித்தான்.

“இது சீ இல்லை. இது பீ!”

வெளிநாட்டில் பிறந்த தமிழ்ப் பிள்ளை எதை மறந்தாலும் அந்தச் சொல்லை மறக்காது.

“என்னது?” என்றான் றொஜர்.

அவள் வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு பீறிட்டது. “ஐயோ மாதாவே, இங்கிலீஷ் பீ! ஏ, பீ, சீ...” என்று சொல்லப்போய் மறுபடி சிரித்தாள். அவனும் சிரித்தான். அவள் சிரிக்கும்போது ஒரு கண் மூடிக்கொள்ளும் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

“இஞ்சை ஏ, பீ இல்லை. தோ, ரே, மி, ஃபா, சோல், லா, சி” என்றான். “கடைசிதான் சி. அதைத்தான் பிடிச்சனான்.”

“அப்ப எங்கட சீ?”

பக்கத்தில் உட்கார்ந்து அவனுடைய மூன்று விரல்களை எடுத்து வைத்தாள். தட்டினான். எல்லாக் கம்பிகளும் சேர்ந்து பேசின.

“இது தோ! வீடியோவிலை முதல் பாடமே இதுதான்!”

“சீ எண்டாத் தோ” என்றாள் கண்ணைத் துடைத்தபடி. “சரி, தொடங்குங்கோ.”

தொடங்கினான். அவள் உடுப்புப் பக்கம் திரும்பிப் போகவில்லை. பாடினாள். வீடியோவில் கேட்டதைவிடக் கொஞ்சம் தடித்த குரல், சிரித்த சிரிப்பில் ஓரம் கரகரத்திருந்தது. அதற்காகத்தானே அவன் இவ்வளவு பாடுபட்டான். கேட்டுக்கொண்டிருந்ததில் தன் கை நின்றுபோனது அவனுக்குத் தெரியவில்லை. மூச்செடுத்த இடைவெளியில் அவள் முழங்கையால் அவன் விலாவில் இடித்தாள்.

“நிப்பாட்டாதை, வாசி!”

வேலைக்குத் திரும்பிப் போக அவள் கட்டிவைத்த பை கதவடியில் நின்றது. அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். றொஜர் விரல்களைத் தேடித் தேடி வைத்தான், தோவில், இல்லை, சீயில்.