கதவுக்கு இந்தப் பக்கம்

வீடு தையல்கார அக்காவுடையது. அவள் கணவர், வீட்டில் எல்லோருக்கும் அண்ணன், பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போனதும் காலி அறைகளைப் பூட்டிப்போட இருவருக்கும் மனசு வரவில்லை. தங்க இடமில்லாதவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். முறை வைத்துச் சமைப்பது, சேர்ந்து சாப்பிடுவது, சாயங்காலம் வேதத்தில் ஒரு அதிகாரம் வாசித்து ஜெபிப்பது. ஒழுங்கு என்று இருந்தது அவ்வளவுதான்.

முதலில் வந்தவள் நர்ஸ். பேச்சு குறைவு, பாத்திரத்தைக் கழுவினால் பளபளவென்று இருக்கும். அடுத்து வந்தவள் பூட்டுக் கடைக்காரி; எல்லோரும் அவளைச் சாவி என்றே கூப்பிட்டார்கள்.

அவள் முன்கதவுக்குப் புதுப் பூட்டு போட வந்தவள். திருகாணியை முடுக்கிக்கொண்டே, மழையில் தன் அறைக் கூரை இறங்கிவிட்டதையும், கடையிலேயே படுத்துக்கொள்வதையும் போகிற போக்கில் சொன்னாள். அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். மறுநாள் ஒரு பெட்டியும், அரமும் சுத்தியலுமாக ஒரு கனத்த பையும் வந்து இறங்கின.

"எனக்கு இந்த ஜெபமெல்லாம் ஒட்டாதுக்கா. ஆனா கூட உக்காருவேன்" என்றாள் சாவி. உட்கார்ந்தாள். ஆமென் சொல்வதில் அவள்தான் முதல். ஜெபம் பாதியில் இருக்கும்போதே சொல்லிவிடுவாள்.

நர்ஸுக்கு அவளைக் கண்டாலே ஆகவில்லை. இரவு டியூட்டி முடிந்து வந்து படுத்தால், கூடத்தில் சாவி அரம் போடும் சத்தம் பல்லைக் கூசவைக்கும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அக்காவிடம் போய் நின்றாள்.

"என்னால முடியலக்கா. அவ சிரிச்சாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. இப்படி இருந்துக்கிட்டு நான் என்னத்த ஜெபம் பண்றது?"

அக்கா வாயிலிருந்த ஊசியை எடுத்தாள். "அன்பா இருங்கன்னுதானே ஆண்டவர் சொல்லியிருக்காரு. பிடிக்கணும்னு சொல்லலையே. இன்னைக்கு அவளுக்கு ஒரு காபி போட்டுக் குடு. நாளைக் கதைய நாளைக்குப் பாத்துக்கலாம்."

நர்ஸ் காபி போட்டுக் கொடுத்தாள். சாவி ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை பத்தல" என்றாள்.

மறுநாளும் கொடுத்தாள். ஒரு ஸ்பூன் கூடுதலாகப் போட்டு.

ஒரு ஞாயிறு காலை டியூட்டி முடிந்து வந்த நர்ஸ், யாரிடமும் பேசாமல் தன் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். அவளுடைய வார்டில் மாதக்கணக்கில் படுத்திருந்த சிறுமி விடியற்காலையில் இறந்துபோயிருந்தாள். அவளுக்குத் தினமும் தலை வாரிவிட்டவள் நர்ஸ். யார்மேலும் தப்பில்லை. நோய் அப்படிப்பட்டது. கூட வேலை செய்பவள் போனில் அழைத்து அக்காவிடம் இதைச் சொன்னாள்.

அக்கா கதவைத் தட்டினாள். அண்ணன் ஆறுதலாக ஒரு வசனம் சொன்னார். கதவு திறக்கவில்லை. அண்ணன் கலங்கிப்போய் சாவியிடம் திரும்பினார்.

"நீ திறந்துடேம்மா. உனக்கு ஒரு நிமிஷ வேலைதானே?"

"திறக்கலாம்ணே. திறந்துட்டு? அழுறவங்க முன்னால மூணு பேரும் போய் நிக்கவா? நீங்க சபைக்குப் போயிட்டு வாங்க. நான் இருக்கேன்."

அவர்கள் தயங்கித் தயங்கிப் போனார்கள். சாவி கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள்.

"நர்ஸம்மா, நான் இங்கதான் இருக்கேன். ஒண்ணும் பேச மாட்டேன்" என்றாள்.

பிறகு பேசிக்கொண்டே இருந்தாள். இடுப்பில் துண்டோடு வெளியே மாட்டிக்கொண்ட ஒருவர் அவளை அவசரமாக வரச்சொன்ன கதை. போய்ப் பார்த்தால் கதவு பூட்டவே இல்லை. இழுக்க வேண்டியதை மனுஷன் தள்ளிக்கொண்டிருந்தார். "தெருவே நின்னு வேடிக்கை பாக்குது. அவரு பொண்டாட்டிய திட்டிக்கிட்டிருக்காரு!"

உள்ளே ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பா, அழுகையா, தெரியவில்லை. சாவி கதவில் காதை வைத்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்:

"அந்தப் பொண்ணு நிறைய பேசுவாளா?"

காலடி கதவை நோக்கி வந்தது. பிறகு கதவுக்கு மிக அருகில், அவளும் தரையில் உட்கார்ந்திருப்பதுபோல, நர்ஸின் குரல் வந்தது.

"வாய் ஓயாது. ஊசி போட வர்ற டாக்டருக்கெல்லாம் பட்டப்பேரு வச்சிருந்தா."

"உனக்கு?"

"எனக்கு... சீப்பு."

நர்ஸ் சொல்லச் சொல்ல சாவி குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் குறுக்கே பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. வெயில் கூடத்தின் பாதிவரை ஏறியபோது பூட்டு திறந்தது. வீங்கின கண்களோடு நர்ஸ் நின்றாள்.

"நீ ஏதாவது சாப்பிட்டியா?"

"எங்க? பசியில உயிர் போகுது" என்ற சாவி, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, தெரியாம சொல்லிட்டேன்."

நர்ஸ் சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. சாவி எழுந்து அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சபையிலிருந்து திரும்பிய அண்ணனும் அக்காவும் பார்த்தபோது, இரண்டு பேரும் அடுப்படியில் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் நர்ஸ் அந்தச் சிறுமியின் அம்மாவைப் பார்க்கக் கிளம்பினாள். வாசல்வரை வந்து, போட்ட செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"என்ன முகத்தோட போவேன்? என்னைப் பார்த்தா அவங்களுக்கு ஆஸ்பத்திரிதானே ஞாபகம் வரும்?"

"என் வண்டில ஏறு. துரத்துனா ரெண்டு பேரும் சேர்ந்து வந்துடுவோம்" என்றாள் சாவி.

துரத்தவில்லை. கதவைத் திறந்த அம்மா, நர்ஸைக் கண்டதும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். "எல்லாரும் அவளப் பத்தி பேசாம இருக்கறதுதான் நல்லதுன்னு நினைக்கறாங்க. நீ பேசும்மா. என் பொண்ணு அங்க என்னெல்லாம் சொன்னா, சொல்லு."

நர்ஸ் சொன்னாள். நடுவில் அவள் நிறுத்தியபோதெல்லாம், அறைக் கதவு வழியாகக் கேட்டிருந்ததை சாவி எடுத்துச் சொன்னாள். தப்பாகச் சொன்ன இடங்களை நர்ஸ் திருத்தினாள். மூன்று பெண்களும் அழுதார்கள், சிரித்தார்கள். கிளம்பும்போது அந்த அம்மா வாசலில் நின்று, "திரும்ப எப்ப வருவீங்க?" என்று கேட்டாள்.

"நீங்க எங்க வீட்டுக்கு வாங்களேன்" என்றாள் நர்ஸ்.

"ஆமா, வாங்க. ஞாயித்துக்கிழமைன்னா சாப்பாடு நல்லாயிருக்கும். அன்னைக்கு அண்ணன் சமைக்க மாட்டாரு" என்றாள் சாவி.