தந்தூர் நிலத்து ஏலம்

உஸ்பெகிஸ்தானின் கோக்கந்து நகரில் எங்கள் தெருமுனையில் என் ரொட்டி அடுப்பு நிற்கும் இடம் அரசாங்க நிலம். அதை இணையத்தில் ஏலம் விடப்போவதாக அறிவிப்பு வந்ததுமே எங்கள் தெருப் பணக்காரர் தோலிப்ஜோன் ஆட்டை அறுத்துத் தெருவுக்கே பலோவ் என்கிற கறிச்சோறு போட்டார். நிலம் அவர் கைக்குப் போனால் என் அடுப்பை இடித்துவிட்டுக் கார் கழுவும் கடை வைப்பார். அதைச் சொல்லிக்கொண்டேதான் திரிந்தார்.

ஒருவர் வீட்டு விருந்தைத் தின்றுவிட்டு அவருக்கு எதிராக விலை கேட்க எங்கள் ஊரில் யாருக்கும் மனசு வராது. அவரும் வாய் திறந்து எதையும் கேட்கவில்லை, தட்டுத் தட்டாகப் பரிமாறினார், அவ்வளவுதான். என் கணவர் நோசிரும் இரண்டு தட்டு தின்றுவிட்டு வந்தார்.

"முகத்தஸ், வேணாம்டி. அவர் உப்பைத் தின்னுட்டேன்."

"தின்னது உங்க வயிறு. ஏலத்துல இருக்கறது என் பேரு."

"ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு வாயில இன்னும் கறி இருக்கு. மென்னு முடிக்கட்டும்."

தெருவின் வாயைச் சோறு அடைத்துவிட்டது. வெளியூர்க்காரர்களை விரட்ட அவரிடம் வேறு வித்தை உண்டு. போன வருடம் மாவு மில் நிலத்தில் பார்த்தேன். முதலில் அவருடைய மருமகன் கொஞ்சமாக விலை கேட்டான். உடனே அவர்கள் ஆள் ஒருவன் பத்து மடங்குக்குத் தாவினான். இந்தக் கிறுக்கனோடு யார் மல்லுக்கு நிற்பது என்று மற்றவர்கள் விலகிக்கொண்டார்கள். தாவியவன் பணமே கட்டவில்லை. முன்பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டான். விதிப்படி நிலம் இரண்டாவதாக நின்றவனுக்கு, அவன் கேட்ட விலைக்கே போனது. இரண்டாவதாக நின்றவன் மருமகன்.

ஏல நாளன்று மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு செல்போனோடு உட்கார்ந்தேன். திரையில் யார் பெயரும் வராது, ஆளுக்கொரு எண்தான். ஆரம்ப விலை நாலு கோடி சோம். இருபது லட்சம் கூட்டி ஒருவன் கேட்டான். மருமகன்தான், வேறு யாருக்குத் துணிச்சல் வரும்? அவன் கேட்ட கையோடு நான் இன்னொரு இருபது லட்சம் கூட்டினேன்.

தாவ வேண்டிய ஆள் அவசரக்குடுக்கை. விலை ஏறியதைப் பார்த்தானே தவிர, கடைசியாகக் கேட்டது எந்த எண் என்று பார்க்கவில்லை. நாற்பது கோடிக்குத் தாவிவிட்டான்.

நோசிர் தலையில் கை வைத்தார். "போச்சு. எல்லாம் போச்சு."

"எங்க போச்சு? இப்ப ரெண்டாவதா நிக்கறது நான். மருமகன் என்னைத் தாண்டணும்னா நாப்பது கோடிக்கு மேல கேக்கணும். கேக்கச் சொல்லுங்க, பாப்போம்."

யாரும் கேட்கவில்லை. வெளியூர்க்காரர்களை விரட்டப் போட்ட வேலி என்னைக் காவல் காத்தது. கெடு முடிந்தது, நாற்பது கோடிக்காரன் பணம் கட்டவில்லை. நிலம் நான் கேட்ட விலைக்கு என் பெயருக்கே வந்தது.

மறுநாள் காலை தோலிப்ஜோன் அடுப்புக்கு முன்னால் வந்து நின்றார்.

"என் உப்பைத் தின்ன குடும்பம் இப்படிச் செய்யலாமா, தங்கச்சி?"

"பலோவோட என்ன வெச்சீங்க அண்ணே?"

"ரொட்டி."

"யார் சுட்ட ரொட்டி?"

அவர் பார்வை அடுப்புப் பக்கம் போனது.

"இந்த அடுப்புல நான் சுட்டது. விருந்து ரொட்டிக்குக் காசு வாங்கக் கூடாதுன்னு நானும் வாங்கல. என் உப்பைத் தின்னுட்டுத்தான் என் அடுப்பை இடிக்கப் பாத்தீங்க."

சூடாக ஒரு ரொட்டியை எடுத்து அவரிடம் நீட்டினேன். பழக்க தோஷத்தில் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"இன்னையிலேருந்து இதுக்குக் காசு, அண்ணே."