தராசு பார்த்த படம்

கணினிப் பத்திரிகை அலுவலகத்தில் அவருக்குத் தராசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடிருந்தது. இணையம் என்ற சொல்லை ஜனங்கள் அப்போதுதான் வாயில் போட்டு மென்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த உலாவி நல்லது, எது மட்டம் என்று மாதாமாதம் நிறுத்துச் சொல்வது அவர் வேலை. மொசைக்கில் படமெல்லாம் இறங்கி முடியும்வரை வெறும் திரையைப் பார்த்துக் கொட்டாவி விடவேண்டும். நெட்ஸ்கேப் எழுத்தை முதலில் பரிமாறிவிட்டுப் படத்தைப் பின்னால் எடுத்துவரும். லின்க்ஸுக்குப் படம் என்றாலே ஆகாது, வெறும் எழுத்துதான், ஆனால் ஓட்டமென்றால் அப்படியொரு ஓட்டம். அவர் இப்படி எழுதுவதைப் படிக்கவே பத்திரிகை வாங்கியவர்கள் உண்டு.

இதில் ஒரே ஒரு சங்கடம். தராசுக்குக் கண் தெரியாது.

ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரியும், ஆள் நடமாட்டம் தெரியும். கண்ணின் நடுவில் விழுந்த கறை பரவி, எழுத்தையும் படத்தையும் தின்றுவிட்டது. பார்வை இனித் திரும்பாது என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். விஷயம் தெரிந்தவர்கள் மனைவியும் அவள் தம்பியும்தான். அந்த மச்சினனை உதவியாளனாக அலுவலகத்துக்குள் நுழைத்ததே தராசுதான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "எழுத்து வந்துருச்சு மாமா, படம் மெதுவா இறங்குது" என்று கிசுகிசுப்பான். இவர் சொல்லச் சொல்ல அவனே தட்டச்சும் செய்வான். கட்டுரையின் தலையில் தராசின் பெயர் போகும். மச்சினனுக்குக் கிடைத்ததெல்லாம் "தம்பி, டீ வந்துச்சா பாரு" என்ற முதலாளியின் குரல்தான்.

ஆனால் முதலாளி ஒன்றும் ஏமாந்த ஆளில்லை. தராசு கதவுக்குப் பதிலாகச் சுவரில் முட்டிக்கொண்டதை அவர் கவனித்திருந்தார். ஒருநாள் கூப்பிட்டார்.

"விளம்பரம் தர்றவங்களை எல்லாம் கூப்பிட்டிருக்கேன். மூணு உலாவியையும் அவங்க முன்னாடி ஓட்டி, பாத்துப் பாத்து ஒப்பிட்டுச் சொல்லுங்க. உங்களுக்கு அது பெரிய விஷயமா என்ன? சரியா வந்தா சரி. இல்லேன்னா வேற ஆள் பாக்கணும்."

தராசு நேராக மச்சினனிடம் வந்து சொன்னார். மச்சினன்தான் தேற்றினான். "நீங்க பேசுங்க மாமா. மவுஸ் என் கையில. எல்லாத்துலயும் ஒரே வலைப்பக்கம்தான், நடுவுல ஒரு பெரிய பூ. எழுத்து வந்தா முதுகுல ஒரு தட்டு, படம் வந்தா ரெண்டு. ஒருத்தனுக்கும் தெரியாது."

கூட்டம் நிறைந்த அறை. புரொஜெக்டர் திரையைச் சுவர் முழுக்க விரித்தது. மொசைக்கில் இரண்டு தட்டும் சரியாக விழுந்தன. லின்க்ஸுக்கு ஒரே தட்டு. "கல்யாண வீட்டுக்கு வந்து தண்ணி மட்டும் குடிச்சிட்டுப் போற ஆள்" என்றார், அறை சிரித்தது. அந்தச் சிரிப்பில் தராசுக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. பாவி மனுஷன், வேலை பிழைத்துக்கொண்டது என்றே நினைத்தார்.

அடுத்தது நெட்ஸ்கேப். ஒரு தட்டு. கொஞ்சம் பொறுத்து இரண்டு.

"பாருங்க, எழுத்து முதல்ல வந்தாச்சு. இப்ப படம். ஆரம்பத்துல சேறு பூசின மாதிரி மங்கலா இருக்கும். அப்படியே தெளியுது பாருங்க. அந்தப் பூவோட இதழை எண்ணிடலாம்!"

முன்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல். "எங்க சார் பூ?"

"நடுவுலதாங்க. பெருசா இருக்கே."

ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். தராசு பின்பக்கம் திரும்பி, "மாப்ள?" என்றார்.

மச்சினன் கிசுகிசுக்கவில்லை. கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னான். "படமே வரலீங்க. அந்த இடத்துல சின்னக் கட்டம்தான் இருக்கு. மாமாவுக்குக் கண் தெரியாது சார். இத்தனை நாளா எல்லாத்தையும் பாத்துச் சொன்னது நான்தான்."

சொல்லிவிட்டு எதையோ சொடுக்கினான். பூ வந்திருக்க வேண்டும், கை தட்டினார்கள். தராசுக்கு விளங்கிவிட்டது. நெட்ஸ்கேப்பில் 'படங்கள் தானாக வரட்டும்' என்ற டிக் குறியை நீக்கினால் பக்கம் வேகமாக வரும் என்று வாசகர்களுக்கு எழுதியவரே அவர்தான். அந்தக் குறி தானாக நீங்காது, பக்கத்தில் இருந்தவன்தான் நீக்கியிருக்க வேண்டும். மச்சினன் அவருடைய வாக்கியங்களை வைத்தே மிச்ச ஒப்பீட்டையும் முடித்தான். அதுவரை தராசு நின்றுகொண்டே இருந்தார். கதவு எந்தப் பக்கம் என்று யாரிடமும் கேட்க வாய் வரவில்லை.

சாயங்காலம் வீட்டில் அவர் வெடித்தார். "உனக்கு வேலை வாங்கிக் குடுத்தவன்டா நான்! என் தலையிலயே கல்லைப் போட்டுட்டியே!"

எதிர் நாற்காலியிலிருந்து மனைவி பேசினாள். "அவனைத் திட்டாதீங்க. நான்தான் செய்யச் சொன்னேன்."

"நீயா?"

"எப்படியும் ஒருநாள் தெரிஞ்சிருக்கும். அப்ப அந்த வேலை எவனுக்கோ போயிருக்கும். இப்ப நம்ம வீட்டுலயே இருக்கு."

"முதலாளிகிட்ட தனியா சொல்லியிருக்கலாமே. இப்படி நாலு பேர் சிரிக்கவா?"

"சொல்லியிருந்தா பாவம்னு உங்களுக்கு ஒரு மாலை போட்டு அனுப்பிட்டு, வேற ஆளைப் போட்டிருப்பாங்க. இவன் இல்லேன்னா நீங்க ஒண்ணுமில்லேன்னு எல்லாருக்கும் தெரியணும். அதுக்கு வேற வழி இல்ல."

இத்தனை வருடம் கூட இருந்தவள், மனசில்லாமல்தான் செய்திருப்பாள், இப்போது உள்ளுக்குள் உடைந்துபோயிருப்பாள் என்று தராசு நம்ப ஆசைப்பட்டார். அந்த ஆசை அவருக்கே வெட்கமாக இருந்தது. குரலைத் தாழ்த்தி மச்சினனிடம் கேட்டார்.

"மாப்ள, உங்கக்கா அழறாளா?"

"ஆமா மாமா," என்றான் அவன் உடனே. "தேம்பித் தேம்பி அழறா."

தராசு எழுந்து தடவிக்கொண்டே போய், அவளுடைய தோளைத் தேடிக் கையை நீட்டினார். நாற்காலி காலியாக இருந்தது. அடுக்களையிலிருந்து அவள் குரல் தெளிவாக வந்தது. "தம்பி, சாப்பிட வாடா. நாளைக்கு நீ சீக்கிரம் வேலைக்குப் போகணும்ல."