மெழுகுவர்த்தி வளர்ந்த காட்சி

1

இந்தக் கதை ஒரு பாராட்டில் பிறந்தது. ஒரு சினிமாவைப் பற்றி நான் எழுதிய பாராட்டுதான். அதனால் வந்த வினையைச் சரிசெய்யத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். இலக்கியச் சேவை என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம்.

தொடக்கம் இரண்டு எழுதிப் பார்த்தேன். 'மங்கிய மஞ்சள் சுவரில் சாயும் வெளிச்சம்…' (அடித்தாயிற்று. ஒளிப்பதிவாளர் பூசியதன் மேல் நான் இன்னொரு பூச்சு பூசுவானேன்?) 'என் அக்கா நல்லவள்தான், ஆனாலும்…' (அக்கா பக்கத்து அறையில் சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள். எட்டிப் பார்த்தால் தொலைந்தேன்.)

2

படம் நூறு வருஷத்துக்கு முந்தைய காலத்தில் நடக்கிறது. ஐந்து முறை பார்த்துவிட்டேன். நொடித்துப்போன ஒரு பெரிய வீடு. மூத்த மகளைப் பெண் கேட்டு ஒரு பணக்காரரிடமிருந்து கடிதம் வருகிறது. அவளுக்கு அவரைப் பிடிக்கவில்லை. "உன் இஷ்டம்" என்கிறார் அப்பா. சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்கிறார். மகளின் முகம் தெரியாமலிருக்கத்தான் கழற்றினார் என்று எனக்கு மூன்றாவது முறைதான் புரிந்தது. பாவி மனுஷன்!

பிறகு அந்தக் காட்சி. விளக்கேற்றும் நேரம். ஜன்னல் திரையில் வடிந்து வரும் பால்நிற வெளிச்சம், அவளுடைய கருநீல உடை, மேசையில் ஒரு மெழுகுவர்த்தி. 'சம்மதம்' என்று ஒரே சொல்லை எழுத அவளுக்கு நான்கு நிமிஷம் ஆகிறது. யாரும் பேசுவதில்லை. முதல் முறை பார்த்த அன்று தியேட்டரை விட்டு வெளியே வந்தபோது தெருவே அந்த நீலத்தில் மிதந்தது. பஸ்ஸைத் தவறவிட்டு வீடு வரை நடந்தே வந்தேன், கால் வலித்ததாக நினைவில்லை.

அந்தக் காட்சியில் மெழுகுவர்த்தி முதலில் விரல் அளவு இருக்கும். அடுத்த ஷாட்டில் சாண் அளவு. 'முடிவெடுக்க மனமில்லாதவளுக்காகக் காலமே பின்னோக்கி எரிகிறது' என்று ஒரு வார இதழில் எழுதிவிட்டேன். எழுதி முடித்து என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன்.

3

(இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். அந்தப் படத்துக்குக் கன்டின்யூட்டி பார்த்தவள் என் அக்கா. ஒரு ஷாட்டில் இருந்த பொருள் அடுத்த ஷாட்டிலும் அதே இடத்தில், அதே அளவில் இருக்கிறதா என்று கவனிப்பதுதான் அவள் வேலை. வீட்டில் டம்ளர் அரை அடி நகர்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். அவள் கண்ணைத் தாண்டித் தவறு நடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆகவே, வேண்டுமென்றே வைத்தது என்று நானே முடிவு கட்டினேன்.)

நேற்று இயக்குநர் அவளுக்குப் போன் செய்தார். "மெழுகுவர்த்தி விஷயம் படிச்சேன். நான் அப்படி எதுவும் யோசிக்கலையேம்மா. நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீஸ் வாங்க." அடுத்த படத்தில் அவளுக்கு இடம் உண்டா என்பதும் அந்தப் பத்து மணியில்தான் இருக்கிறது.

"இத்தனை பேர் பாத்தாங்க, ஒருத்தர் கண்ணுலயும் படல" என்றாள் அக்கா. "நீதான்டி ஊருக்கே வெளிச்சம் போட்டுக் காட்டிட்ட."

"பாராட்டித்தானேக்கா எழுதினேன்."

"அதான் கொடுமை. திட்டியிருந்தா, வயித்தெரிச்சல்ல எழுதினதுன்னு விட்டிருப்பாங்க."

"நீ எப்படிக்கா கோட்டைவிட்ட?"

"டேக்குக்கு டேக் புது மெழுகுவர்த்தி வைப்பாங்க. முன்னாடி எரிஞ்ச அளவுக்கு வெட்டி வைங்கன்னு நான்தான் சொல்லணும். அந்தப் பொண்ணு பேனாவை வெச்சுட்டு நிமிர்ந்தா பாரு, அந்த முகம்… பன்னெண்டு வருஷத்துல அன்னைக்கு ஒருநாள்தான்டி நான் வேலை பாக்கல. படம் பாத்துட்டேன்."

4

முடிவுகள்:

அ. "வேணும்னேதான் சார் வெச்சேன்" என்கிறாள். இயக்குநர் கைகுலுக்குகிறார். (நடக்காது. கேட்காமல் பொருளை மாற்றுகிறவளை யார் மறுபடி கூப்பிடுவார்கள்?)

ஆ. பொருள் வைக்கும் உதவியாளர்மேல் பழியைப் போடுகிறாள். (சீ.)

இ. "தப்புதான் சார்" என்று அழுகிறாள். அவர் மனம் இரங்கி… (அக்கா அழுது நான் பார்த்ததே இல்லை. இந்த வாக்கியம் பாதியிலேயே நிற்கட்டும்.)

5

இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்தவள் என் தோளுக்குப் பின்னால் நின்று மூன்றையும் படித்துவிட்டாள்.

"மூணுலயும் நான் பயந்துதான் போயிருக்கேன்" என்றாள்.

"பயமா இல்லையா?"

"இருக்கு. ஆனா அந்தச் சீன் எவ்ளோ அழகா இருந்துச்சுன்னு உன்னோட மூணு அக்காவுல ஒருத்தி கூட அவர்ட்ட சொல்லலையே. நான் அதைச் சொல்லத்தான்டி போறேன். அப்புறம் அவர் பாடு."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

இப்போது மணி பத்தே கால். நான்காவது முடிவை என்னால் எழுத முடியாது. அது அவளுடையது. இயக்குநரின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். உங்கள் படத்தை அவ்வளவு ஆசையாகப் பார்த்த ஒருத்தி எதிரே நிற்கிறாள். என்ன சொல்லி அனுப்பப் போகிறீர்கள்?