தொட்டிக்குள் தாத்தா

தாத்தா இன்றைக்கும் சாப்பிடவில்லை.

உள்ளங்கையில் அடங்குகிற உருவம்தான். தலையைச் சுற்றிக் கொம்பு, முதுகெல்லாம் முள், தட்டை வயிறு, மணல் நிறம். வெளியூர்க்காரன் பார்த்தால் ஓணான் என்பான். சொல்லிவிட்டுப் போகட்டும், அவனுக்கு என்ன தெரியும்? இந்தப் பாலைவனத்து நவஹோ பழங்குடி ஜனங்களான எங்களுக்கு அவர் தாத்தா. வழியில் கண்டால் வணக்கம் சொல்லி, பதமாக எடுத்து, நெஞ்சில் வைத்து, "தாத்தா, பலம் குடு" என்று கேட்க வேண்டும். கேட்டு முடித்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையில்தான் டெல்ஃபினா கோட்டை விட்டாள்.

அவளைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. அவள் புருஷன் ஹார்லன் தண்ணி லாரி ஓட்டியவன். எங்கள் ஊர் கயென்டாவைச் சுற்றி அவன் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றாத வீடு கிடையாது. ஃப்ளாக்ஸ்டாஃப் ஆஸ்பத்திரியில் அவன் நெஞ்சைத் திறந்து, இதயத்தைச் சரிசெய்து, தைத்து அனுப்பினார்கள். தினமும் நட என்றார் டாக்டர். அவனோ வாசற்படி தாண்டவில்லை. நெஞ்சின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. படுத்தால் இதயம் நின்றுவிடுமோ என்று உட்கார்ந்தபடியே தூங்கினான். ஆட்டுக்கறிச் சூப்பை ஆசையாக வைத்துக் கொடுத்தால் இரண்டு கரண்டி குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினான். பசி என்ற வார்த்தையே அவன் வாயில் வரவில்லை.

இந்த நிலைமையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவளின் கண்ணில், காய்ந்த ஓடைப் பக்கம், தாத்தா பட்டார். விடுவாளா? காணிக்கையாக ஒரு சிட்டிகை சோள மகரந்தம் தூவி, "தாத்தா, என் வீட்டுக்காரர் நெஞ்சுல கொஞ்ச நேரம் இருந்துட்டு வாங்க. சாயந்திரத்துக்குள்ள கொண்டுவந்து விட்டுடறேன்" என்று வாக்குக் கொடுத்துத் தொப்பிக்குள் வைத்து எடுத்து வந்தாள்.

ஹார்லன் தழும்பின் மேல் தாத்தாவை வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். பிறகு சாய்ந்தான். பிறகு படுத்தே விட்டான். மறுநாள் விடியும்வரை அவன் விட்ட குறட்டையைக் கேட்டு டெல்ஃபினா அழுதாள்.

"கொண்டுபோய் விட்டுடலாம் குடு" என்று காலையில் கை நீட்டினாள்.

"வேண்டாம் டெல்ஃபி. இவர் இருக்கிற வரைக்கும் இது ஓடும்."

அப்படிச் சொல்கிறவனிடமிருந்து எப்படிப் பிடுங்குவது?

ஆடு தண்ணி குடிக்கிற பழைய தகரத்தொட்டியில் மணலைக் கொட்டி, குட்டிகளுக்குக் குளிருக்குப் போடுகிற விளக்கைத் தொங்கவிட்டாள். சூடு ஆச்சு, மணல் ஆச்சு. சாப்பாடுதான் பெரும்பாடு. ஹார்லனின் அத்தை மகள் பெர்னிடா டவுன் கடையிலிருந்து வெட்டுக்கிளி வாங்கி வந்தாள். அவை தாத்தாவின் தலைமேல் ஏறி விளையாடின. தாத்தா கண்ணை இறுக மூடிக்கொண்டார். புழு கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு எறும்புதான் வேண்டும், அதிலும் பெரிய செவ்வெறும்பு, உயிரோடு, அதுவும் வயிறு நிறைய.

எறும்புக்கு எங்கே போவது? ஆட்டுப்பட்டிக்கு அந்தப் பக்கம் பெரிய புற்று இருக்கிறதுதான். மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினால் ஒரு வாரத்துக்கு ஆகும். ஆனால் புற்றைக் கலைக்கிறவன் வீட்டில் நோய் வரும் என்பது எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நோயாளியை வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்வாளா? வெயிலில் எறும்பு போகிற தடத்தின் ஓரம் குந்தி உட்கார்ந்து, குச்சியில் ஏறுகிற எறும்புகளைத் தகரடப்பாவில் தட்டினாள். கடி வாங்கி விரலெல்லாம் வீங்கியது. பிடித்ததில் பாதி டப்பாவுக்குள்ளேயே செத்தது. மிச்சத்தைத் தொட்டியில் விட்டால், தாத்தா தின்றது போக மீந்தவை அவர் கண்ணோரத்தைக் கடித்தன. அதற்கும் காவல் உட்கார வேண்டியிருந்தது.

"ஏண்டா, தாத்தாவைத் தொட்டியில அடைச்சு வெச்சிருக்கியே, நீயெல்லாம் ஒரு பேரனா?" என்றாள் பெர்னிடா. அத்தை மகள், மாமன் மகனைக் கிண்டலடிக்க அவளுக்கு முழு உரிமை உண்டு. "உன் பொண்டாட்டி கையைப் பாரு. ரொட்டிக்குப் பிசைஞ்ச மாவு மாதிரி உப்பிப்போச்சு. அவளையும் சேர்த்துப் படுக்க வெச்சுட்டு ரெண்டு பேரும் தாத்தாவைக் கொஞ்சப் போறீங்களா?"

"வாயை மூடு பெர்னிடா" என்றான் ஹார்லன். ஆனால் மனைவியின் விரல்களை அன்றைக்குத்தான் பார்த்தான்.

காற்றில் குளிர் ஏற ஏற, தடத்தில் எறும்பு குறைந்தது. தாத்தாவின் இடுப்பெலும்பு துருத்தியது, கண் குழிந்தது. வீட்டில் சாப்பிடாதவர்கள் இப்போது இரண்டு பேர். டெல்ஃபினா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சாயந்திரத்துக்குள் என்று தான் வாக்குக் கொடுத்து எத்தனை சாயந்திரம் போய்விட்டது என்று எண்ணிப் பார்த்தாள். கடைசியில் டப்பாவைத் தரையில் நங்கென்று வைத்தாள்.

"என்னால முடியாது. இனிமே நான் எறும்பு பிடிக்க மாட்டேன்."

"அப்போ இவர் செத்துடுவாரே!"

"ஆமா, செத்துடுவார். எறும்பு இங்க வராது. அவரைத்தான் எறும்புகிட்ட கூட்டிப் போகணும். நான் தூக்க மாட்டேன். வேணும்னு வெச்சுக்கிட்டவன் நீ. நீயே தூக்கு."

"என்னால அவ்ளோ தூரம்..."

"அது உனக்கும் தாத்தாவுக்கும் உள்ள பேச்சு."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். போனாளே தவிர, காது முழுக்க முன்னறையில்தான் இருந்தது. பிறகு நாற்காலி கிறீச்சிட்டது. கதவு திறந்தது. ஜன்னல் வழியே பார்த்தாள். சட்டைக்குள் நெஞ்சோடு தாத்தாவை அணைத்துக்கொண்டு, தண்ணீர் பீப்பாய்வரை நடந்து, அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். 'கடவுளே, விழுந்துடக் கூடாதே' என்று முணுமுணுத்தாள். ஓடிப்போய்த் தாங்க வேண்டும்போல் கால் பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

புற்றுப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் தாத்தாவைத் தடத்தின் ஓரம் இறக்கினான். அவர் கல்லாகக் கிடந்தார். ஒரு எறும்பு போனது. இன்னொன்று போனது. சட்டென்று நாக்கு வந்து போக, எறும்பைக் காணோம்.

"டெல்ஃபி! சாப்பிடறார்! சாப்பிடறார்டீ!"

அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாசமாகிவிட்டது! கை ஈரத்தைப் பாவாடையில் துடைத்தபடி ஓடினாள்.

அதற்குப் பிறகு தினமும் வெயில் ஏறியதும் ஹார்லன் தாத்தாவைச் சாப்பிடக் கூட்டிப்போனான், மாலையில் அழைத்து வந்தான். பீப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் நின்றுபோனது. தாத்தாவின் வயிறு மறுபடி நிறைந்தது. ஆனால் ஒரு நாள், சாப்பிட்டு முடித்தவர், தலையால் மணலை முட்டி உள்ளே புதையப் பார்த்தார். பனி விழுவதற்கு முன் மண்ணுக்குள் போய்த் தூங்குகிற ஜாதி அல்லவா? ஹார்லன் பதறிக் கை நீட்டினான். நீட்டிய கை பாதியில் நின்றது.

"இவரை எங்க எடுத்தே?" என்று பக்கத்தில் நின்ற டெல்ஃபினாவிடம் கேட்டான்.

"ஓடைப் பக்கம்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னைக்கே சாயந்திரம் கொண்டுவந்து விடறேன்னு சொல்லித்தான் எடுத்தேன். சொல்லாம மறைச்சுட்டேன்."

"பைத்தியக்காரி. இதைத் தனியாவா சுமந்தே?"

ஓடை, புற்றைத் தாண்டி நல்ல தூரம். இருவரும் நடந்தார்கள். ஓடைக்கரையில் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பின் மேல் தாத்தாவைக் கடைசியாக வைத்துக்கொண்டான். "போயிட்டு வாங்க தாத்தா. ரொம்ப நாள் பிடிச்சு வெச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லி இறக்கினான்.

தாத்தா உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டினார். வயிறு மறைந்தது, முதுகு மறைந்தது, கொஞ்ச நேரம் கொம்பு மட்டும் தெரிந்தது. பிறகு வெறும் மணல்.

ஹார்லன் பழக்கத்தில் நெஞ்சைத் தொட்டான். டெல்ஃபினாவுக்குப் பகீரென்றது.

"ஓடுதா?"

எறும்புக் கடித் தடம் இன்னும் மாறாத அவள் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தான். ஓடியது. நடந்து வந்த வேகத்தில் படபடவென்று ஓடியது. அவள் கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"டெல்ஃபி."

"என்னப்பா? வலிக்குதா?"

"பசிக்குது. வீட்டுல என்ன இருக்கு?"