ஒன்பதாம் கட்டத்தில் வாய் திறந்தவர்

லிஃப்ட் மெக்கானிக் இறந்து ஐந்து மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, அவருடைய கிடாரில் மனைவி ஈ (E) கார்டை நான்கு கட்டம் வாசித்து முடித்தபோது, வேலைக்குப் போகிற சட்டையோடும் கருவிப் பையோடும் அவர் வீட்டு வாசலில் நின்றார். மாடிப்படியில் அவருக்கு எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரர் வழிவிட்டு ஒதுங்கியிருந்தார். உயிரோடு இருந்தபோது அவருக்கு வாசிக்கத் தெரிந்தது ப்ளூஸ் என்கிற அமெரிக்கச் சோகப் பாட்டு ஒன்றுதான். "மூணே மூணு கார்டு, அதுக்கு இவ்வளவு அலட்டலா?" என்று கேலி செய்த மனைவி, தூசு துடைக்க எடுத்த கையோடு அவருடைய நோட்டைப் பார்த்துப் பழகத் தொடங்கியிருந்தாள். நோட்டில் பன்னிரண்டு கட்டங்கள் போட்டு, கட்டத்துக்கு ஒரு கார்டு, அதாவது சேர்த்து மீட்டும் ஒரு சுரக்கூட்டு, எழுதியிருந்தார்.

ஏ கார்டுக்கு மாறினால் உள்ளே வருவார். மறுபடி ஈ வந்தால் பையை இறக்கி வைப்பார். ஒன்பதாம் கட்டம் பி செவன். அங்கே வாய் திறப்பார். அவளுடைய சுண்டுவிரல் எட்டாமல் தந்தி கொரகொரக்கும்; அவர் வாயிலிருந்தும் அதே கொரகொரப்புதான் வரும். பன்னிரண்டாம் கட்டத்தில் ஈ வாசித்து முடித்தால் ஆள் இருக்க மாட்டார். கடைசி நாள் காலையும் இப்படித்தான் வாசலில் நின்று ஏதோ சொன்னார். முந்தின நாள் சண்டையின் கோபத்தில் அவள் மிக்ஸியை ஓடவிட்டாள். பதினொரு மணிக்கு அறுந்த லிஃப்ட் அவர்மேல் இறங்கியது. என்ன சொன்னார் என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று வருடம் விடாமல் பழகினாள். அவள் பல் செட் செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவள். தந்தி அழுத்தி விரல் நுனி காய்த்துப்போய், செட்டின் சொரசொரப்பு தெரியாமல் அனுப்பியதில் இரண்டு பெரியவர்களுக்கு ஈறு புண்ணானது. முதலாளி அவளைப் பெட்டி கட்டும் வேலைக்கு மாற்றினார். அந்த வாரமே ஒன்பதாம் கட்டத்தில் தந்தி சுத்தமாக ஒலித்தது.

"இன்னைக்கு லீவு போட்டுடட்டுமா?" என்றார் அவர்.

அவள் வாய்விட்டு அழுதாள். மறுநாள் அதே கட்டத்தில், "போடுங்க, எங்கயும் போகாதீங்க" என்றாள். அவர் உட்கார்ந்து ஒரு ஷூவின் கயிற்றை அவிழ்ப்பதற்குள் பன்னிரண்டாம் கட்டம் வந்துவிட்டது. இப்படியே தினமும் தன் கையாலேயே அவரை வேலைக்கு அனுப்பி வைத்தாள்.

படிப்பு முடிந்து வீட்டுக்கு வந்த மகள்தான் நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்: "கடைசிக் கட்டத்துல ஏம்மா முடிச்சுடற? ஈக்குப் பக்கத்துல அப்பா பி செவனும் எழுதியிருக்காரே?"

"அது அடிச்சுத் திருத்தினதுன்னு நினைச்சேன்டி."

"இல்லம்மா. அங்க அதைப் பிடிச்சா மறுபடி முதல்ல இருந்து ஓடும். முடியவே முடியாது."

பிடித்தாள். அவர் இரண்டு ஷூவையும் கழற்றினார்.

அதன்பின் அந்த வீட்டில் பாட்டு நிற்கவில்லை. அம்மா பட்டறைக்குப் போனால் மகள், மகள் தூங்கினால் அம்மா. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், வயது ஏறவில்லை. கீழ்வீட்டார் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டது. மகளுக்கு வெளியூரில் நல்ல வேலை வந்தது. அப்பா லீவில் வீட்டில் இருக்கிறார், அதனால் வர இயலாது என்று, இடது கை தந்தியைத் தட்டிக்கொண்டே இருக்க, வலது கையால் பதில் எழுதிப் போட்டாள்.